ஓட்னர் கணக்குப்பொறி

கைப்பிடியைச் சுற்றி நான்கு அடிப்படைக் கணக்குகளையும் செய்யும் எந்திரம். ஸ்வீடனில் 1845இல் பிறந்த வில்காட் தியோஃபில் ஓட்னர் இதை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவாக்கினார். பழைய கணக்குப்பொறிகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் கையில் அதிகம் அகப்படுவது இந்தக் குடும்பம்தான். அடையாளம் காண்பதில் அதிகம் குழப்புவதும் இதுவே.

லுட்விக் நோபலின் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பிரான்சின் தோமா வடிவமைத்த அரித்மோமீட்டர் என்ற கணக்குப்பொறி ஒன்று பழுதுபார்க்க ஓட்னரிடம் வந்தது. அதன் நீண்ட உருளைப் பற்சக்கரங்கள் இடத்தை அடைப்பவை, செய்வதற்குச் செலவு பிடிப்பவை. அவற்றுக்குப் பதிலாக, இலக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய சக்கரங்களை வைத்தார் ஓட்னர். நெம்புகோலை 7க்கு நகர்த்தினால் சக்கரத்தின் விளிம்பில் ஏழு முளைகள் வெளியே நீளும். பிடியை ஒரு சுற்று சுற்றினால் அந்த ஏழும் விடைச் சக்கரத்தை ஏழு படி தள்ளும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கழித்தல். வகுக்கும்போது ஒருமுறை கூடுதலாகக் கழித்துவிட்டால் மணி ஒலிக்கும். ஒரு சுற்று திருப்பிவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போகலாம்.

முளைச்சக்கரம் ஓட்னருக்கு முன்பே தோன்றிய எண்ணம். இத்தாலியின் போலேனி 1709லேயே அதை விவரித்திருக்கிறார். அமெரிக்காவின் ஃபிராங்க் பால்ட்வின் 1875இல் காப்புரிமை பெற்றார். அதை மேசைக்கு அடங்கும் பொருளாக்கி, ஆயிரக்கணக்கில் செய்யத்தக்கதாக மாற்றியதே ஓட்னரின் சாதனை. அதற்குரிய பெருமை அவருக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

1890இல் அவர் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கினார். 1892இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்த கிரிம்மே, நட்டாலிஸ் நிறுவனம் உரிமம் வாங்கி, ‘புருன்ஸ்விகா’ என்ற பெயரில் விற்றது. ரஷ்யப் புரட்சிக்குப் பின் ஓட்னர் குடும்பத்தினர் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் தொழிலைத் தொடர்ந்தார்கள். சோவியத் அரசோ அதே வடிவத்துக்குப் புரட்சித் தலைவர் ஃபெலிக்ஸ் ஜெர்ஷின்ஸ்கியின் பெயரைச் சூட்டி, ‘ஃபெலிக்ஸ்’ என்று 1970கள் வரை செய்துவந்தது. ஜெர்மனியின் டிரயம்ஃபேட்டர், தாலெஸ், வால்டர், ஜப்பானின் டைகர் எல்லாம் இதே முளைச்சக்கர வழியில் வந்தவை. 1970களில் மின்னணுக் கணிப்பான்கள் இவற்றின் சந்தையை முடித்துவைத்தன.

எனவே பெயர்த்தகட்டை மட்டும் நம்பக்கூடாது. முதலில் இலக்கக் கொள்ளளவை எண்ண வேண்டும்: ஃபெலிக்ஸில் எண் பதிக்க 9 இடம், சுற்றுகளை எண்ண 8, விடைக்கு 13. அடுத்து, விடையை அழிக்கும் பகுதி: பழைய ஓட்னர்களிலும் ஃபெலிக்ஸிலும், விடைச் சக்கரங்களைத் தாங்கிப் பக்கவாட்டில் நகரும் வண்டியின் இரு முனைகளிலும் பட்டாம்பூச்சித் திருகு இருக்கும். தகட்டின் எழுத்து, ஆலை முத்திரை, வரிசை எண் இவற்றை அதன் பிறகு ஒப்பிடலாம். மறுவண்ணம் பூசிய பொறியில் முத்திரைகள் மறைந்துபோவதால், மங்கினாலும் பழைய பூச்சோடு இருப்பதையே வாங்குவது நல்லது.

வாங்குமுன் பிடியை மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்க்கலாம். சுற்று முழுமையாகி, பிடி தன் இடத்தில் பொருந்தினால்தான் வண்டி நகரும். இந்தப் பூட்டைப் பழுதென்று எண்ணிப் புதியவர்கள் வலிந்து தள்ளிப் பற்களை வளைத்துவிடுகிறார்கள்.