வாந்திப் பயமும் கம்பி மத்தாப்பும்

பதிவு கொஞ்சம் நீளம். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

பழைய மாணவி ஒருத்தி போனில் கேட்டாள்: "சார், என் மகளுக்கு வாந்தி வந்துருமோன்னு எந்நேரமும் பயம். பஸ்ல ஏற மாட்டேங்கிறா, கல்யாண வீட்டுல கை நனைக்க மாட்டேங்கிறா. கட்டாயப்படுத்தலாமா, போக்கிலேயே விட்டுரலாமா?" இரண்டும் வேண்டாம், நடுவில் ஒரு வழி இருக்கிறது என்றேன். அந்த வழி எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதுதான் இன்றைய பாடம்.

பஸ்ஸில் வாந்தி எடுப்பது வேறு, வாந்தி வந்துவிடுமோ என்று நடுங்குவது வேறு. பின்னதற்கு மருத்துவத்தில் எமெட்டோஃபோபியா என்று பெயர். பல வருடமாக ஒருமுறைகூட வாந்தி எடுக்காதவர்களுக்கும் இது இருக்கும். சோறு கெட்டுப்போகவில்லையே என்று அம்மாவைப் பத்து தடவை கேட்பார்கள். வெளியே போனால் பையில் கவரும் எலுமிச்சம்பழமும் மாத்திரையும் இருக்கும். சாப்பாடு குறைந்து உடம்பு இளைக்கும். மசக்கைக்குப் பயந்து பிள்ளைப்பேற்றையே தள்ளிப்போடும் பெண்கள் உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் இதைச் சின்னப் பிள்ளை அடம் என்று ஒதுக்க முடியாது.

நம் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் வெடிக்கு எப்படிப் பழகுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். யாரும் மூன்று வயதுப் பிள்ளை கையில் அணுகுண்டைக் கொடுப்பதில்லை. முதல் வருடம் அம்மா மடியில் இருந்து வேடிக்கை பார்க்கும். அடுத்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கம்பி மத்தாப்பு. பிறகு சாட்டை, தரைச்சக்கரம், பூச்சட்டி. லட்சுமி வெடிக்கு வர இன்னும் சில தீபாவளி ஆகும். பயம் படிப்படியாகக் கழிகிறது. நம் வீடுகளில் வழக்கமாக இருந்த இதை, மருத்துவ முறையாக்கப் பலர் பாடுபட்டார்கள்.

1920-ல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஆல்பர்ட் என்ற 11 மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவையிலேயே குழந்தை எலியைக் கண்டாலே அழ ஆரம்பித்தது. பயத்தை உண்டாக்க முடியும் என்று நிரூபித்தவர்கள், அந்தப் பயத்தைப் போக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள்.

போக்கிக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம்பெண். பீட்டர் என்ற மூன்று வயதை எட்டாத பையனுக்கு முயலைக் கண்டால் பயம். பஞ்சைக் கண்டாலும் பயம். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளோடு அவனை விளையாட விட்டார். கொஞ்சம் தேறினான். அதற்குள் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். திரும்பும்போது பெரிய நாய் ஒன்று பாய்ந்து வர, பயம் பழையபடி ஏறிவிட்டது. ஜோன்ஸ் சலிக்கவில்லை. பீட்டர் பிடித்த பண்டம் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். அவன் சாப்பாடு தடைப்படாத அளவுக்கு மட்டும் கூண்டை நாளுக்கு நாள் பக்கத்தில் நகர்த்தினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்வரை விட்டான் பீட்டர். 1924-ல் இது கட்டுரையாக வந்தது. பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இந்த வழியைப் பெரியவர்களுக்கான சிகிச்சை ஆக்கியவர் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். பயத்தால் மனம் உடைந்த சிப்பாய்களுக்கு மருந்து மட்டும் போதாது என்று கண்டார். நோயாளியே தன் பயங்களைக் குறைந்ததிலிருந்து கூடியது வரை ஏணிப்படி போல எழுத வேண்டும். உடம்பைத் தளர்த்திக்கொண்டு கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாக மனத்தில் கொண்டுவர வேண்டும். 1958-ல் இதைப் புத்தகமாக எழுதினார். ஜோன்ஸை இந்தச் சிகிச்சையின் தாய் என்று பின்னாளில் சொன்னவரும் இவரே.

இதன் வேர் நம் பக்கத்திலும் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தில் பயபேரவ சுத்தம் என்றொரு பகுதி. ஞானம் பெறுமுன் புத்தர் வேண்டுமென்றே அச்சமூட்டும் காட்டுக் கோயில்களில் இரவு தங்கினாராம். மயில் சுள்ளியை ஒடித்தாலும் பயம் வரும். நடக்கும்போது பயம் வந்தால், அது அடங்கும்வரை நடந்துகொண்டே இருப்பார், உட்கார மாட்டார். இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மல் டி சில்வா, பழைய பௌத்த நூல்களுக்கும் நவீனச் சிகிச்சைக்கும் உள்ள இந்த ஒற்றுமையை 1980களில் எடுத்துக்காட்டினார்.

இதில் சூட்சுமம் ஒன்றுதான். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், நாம் நகராமல் நின்றால் தானே இறங்கும். பாதியில் ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் பெருக்கும்.

வாந்திப் பயத்துக்கு ஏணி எப்படி இருக்கும்? வாந்தி என்ற சொல்லை எழுதுவது, வாய்விட்டுச் சொல்வது. பிறகு கேலிச்சித்திரம், புகைப்படம், வீடியோ. அவலையும் மோரையும் கலந்து போலியாகச் செய்து பார்ப்பது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸில் ஏறிச் சும்மா உட்காருவது. அடுத்து திருத்தங்கல் வரை, விருதுநகர் வரை, அப்புறம் மதுரை. பையில் உள்ள கவரையும் மாத்திரையையும் ஒவ்வொன்றாக வீட்டில் விட்டுச் செல்வது. வேண்டுமென்றே வாந்தி எடுக்கத் தேவையே இல்லை. ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படி. பீட்டரைப் போல இடையில் சறுக்கினால் மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்கலாம்.

இது மந்திரம் என்றும் நினைக்க வேண்டாம். 2016-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் இந்தப் பயம் உள்ள 24 பேர் இருந்தார்கள். இந்தப் பயிற்சியும் சேர்ந்த 12 அமர்வுச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்த 12 பேரில் இருவருக்குத்தான் அப்படி.

நீச்சல் பழக்க நம் ஊரில் கிணற்றில் தள்ளிவிடுவோம். சிலர் நீந்தினார்கள், சிலர் ஆயுசுக்கும் கிணற்றுப் பக்கம் போகவில்லை. இடுப்பில் கயிறு கட்டி, சுரைக்குடுக்கையோடு இறங்கிய பிள்ளைகள் எல்லாரும் பழகினார்கள். பிள்ளையைத் தள்ளாதீர்கள், கேலி செய்யாதீர்கள். "வாந்தி வராது" என்று நூறு தடவை உறுதி கொடுப்பதும் உதவாது; கேட்கும் பழக்கம்தான் வளரும். "பயமா இருக்கா? இருக்கட்டும், நான் கூட இருக்கேன், இந்த ஒரு படி" என்று சொல்லுங்கள்.

எடை குறைந்தாலோ, உண்மையிலேயே அடிக்கடி குமட்டினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஏணியை மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர் துணையோடு போடுவது நல்லது. அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

உங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வகுப்பில் போலவே, கேள்வி கேட்பவரை யாரும் சிரிக்கக் கூடாது.

வாழ்க நலமுடன்.