கரிசற்பருத்தியும் சந்தை நெறியும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காடு வானம் பார்த்த பூமி. கருங்கண்ணிப் பருத்தியால் பெயர் பெற்ற இம்மண்ணில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை தோன்றியது. எனினும், நல்ல பருத்தி விளைந்தவிடத்து நல்ல விலையும் விளையும் என்பதற்கில்லை.

முற்காலச் சந்தைகள் பலவற்றில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பற்றி விலை பேசினர். பொருளுக்குரியவர் அருகில் நின்றும் விலையறியார். எடைக்குறைவு, தரகு, மகமை எனக் கழிவுகள் வேறு. முன்பணம் பெற்றவரோ கொடுத்தவருக்கே விற்றாக வேண்டும். ஆகவே, 'என்ன விலை கிடைக்கும்?' என்று எண்ணாது, 'எவ்வளவு பிடித்தம் போகும்?' என்றே உழவர் எண்ணப் பழகினர்.

1928இல் அரச வேளாண் ஆணையம் ஒழுங்குமுறைச் சந்தைகளைப் பரிந்துரைத்தது. 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் பிறந்தது. 1936இல் திருப்பூரில் பருத்திக்கான விற்பனைக்கூடம் அமைந்தது. இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏலம் நடைபெறுகிறது. வணிகர் ஒவ்வொருவரும் பிறர் விலையை அறியாமல் தம் விலையைச் சீட்டில் எழுதியிடுவர். உயர்ந்த விலை அறிவிக்கப்படும்; கட்டாவிடில் உழவர் மறுக்கலாம். மறுக்கும் உரிமை உண்டென்று அறிந்தவரே தமக்கென ஒரு விலையை மனத்தில் வரைந்துகொண்டு சந்தைக்கு வருகிறார். ஆயினும், ஏலம் கேட்போர் இருவர் மூவராயின் சீட்டு முறையாலும் பயன் சிறிதே.

கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் பொய்யளவையும் கலப்படமும் அடங்கும் என்பதை நாம் அறிவோம். சட்டம் 1933இல் தராசைக் காக்க முற்பட்டது. அறமோ தராசு பிடிப்பவரின் நெஞ்சத்தை என்றோ காக்கச் சொன்னது. இரண்டும் கூடிய இடத்தில்தான் உழவர் அஞ்சாது விலை கேட்பார்.