வலைக்கு முன்னே நின்றவர்

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் பந்துதைக்கும் பிள்ளையைப் பார்த்து, "இந்தப் பந்தா நாளைக்குச் சோறு போடப்போகிறது?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. கேள்வி நியாயமானதே. விடை தேட, நம் நாட்டுக் காற்பந்து வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் ஊர், 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று வழங்கியது. அவ்வூரில் 1953ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர். ஆறுமுகம். சிலாங்கூருக்கும் பின்னர் மலேசியாவுக்கும் கோல் காவலராக ஆடினார். நீண்ட கைகளை வீசிப் பந்தைப் பிடித்த அவரை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்று செல்லமாக அழைத்தார்கள்.

கோல் காவலரின் வேலை எளிதன்று. காக்கவேண்டிய வாயில் 24 அடி அகலம், 8 அடி உயரம். நெடுநேரம் பந்தே வராது; வரும்போது யோசிக்க நேரம் இராது. ஒரு கோல் விழுந்துவிட்டால் அதையே எண்ணிக் கலங்கவும் கூடாது. போன பந்தை நினைத்துக்கொண்டிருந்தால், வருகிற பந்தும் போய்விடும்.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் செல்வது யார் என்பதை முடிவு செய்யும் ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவைச் சந்தித்தது. வாயிலில் ஆறுமுகம். முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சபா மாநிலத்து ஹசான் சானி பந்தைத் தந்தார். அதே மாநிலத்து ஜேம்ஸ் வோங் அதைக் கோலாக்கினார். மலேசியா 2-1 என வென்றது. பல இனத்தவரும் ஒரே குரலில் ஆர்ப்பரித்த இரவு அது.

ஆனால், அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நம் குழுவின் இடத்தில் ஈராக் ஆடியது. உழைத்து வென்ற பரிசு, ஆட்டக்காரர்களின் தவறு ஏதுமின்றியே கைநழுவியது.

அப்படியானால் அந்த உழைப்பு வீணா? ஆறுமுகம் 1988 டிசம்பரில், 35ஆம் வயதில், வாகன விபத்தில் மறைந்தார். ஆயினும் அந்த வெற்றியைத் தழுவி 2016இல் 'ஓலா போலா' என்ற திரைப்படமே வந்தது. ஆட்டம் நடந்தபோது பிறக்காத பிள்ளைகளும் அதைப் பார்த்துக் கண்கலங்கினார்கள்.

இளைஞர்களே, குழுவில் இடம் கிடைப்பதும் கோப்பை கிடைப்பதும் எப்போதும் நம் கையில் இல்லை. அதிகாலையில் எழுவது, சொன்ன நேரத்துக்குத் திடலுக்கு வருவது, தோற்ற மறுநாளும் பயிற்சிக்கு நிற்பது, இவை நம் கையில் உள்ளவை. இந்தப் பழக்கம் படிப்புக்கும் உதவும், வேலைக்கும் உதவும்.

பெற்றோரே, பிள்ளை வியர்வையோடு வீடு திரும்பும்போது "ஜெயித்தாயா?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்றும் கேளுங்கள். பந்து சோறு போடுமோ போடாதோ, அந்தப் பதிலில் உங்கள் பிள்ளையின் நாளை தெரியும்.