சீன அவைக்குச் சென்ற சோழர் தூதர்: வருகையும் மீட்சியும்

ஒரு நாட்டுத் தூதுக்குழுவினர் பிறிதொரு நாட்டிற்கு வந்து சேர்தலையும், பணி முடிந்து இறுதியாக நீங்குதலையும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சிற்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் பத்தாம் விதியாகும். விதி புதியதாயினும், வருவாரையும் போவாரையும் ஏட்டிற் பதியும் வழக்கம் மிகப் பழையது. அவ்வழக்கத்தைப் போற்றியவருள் சீனர் தலைசிறந்தவர். சோங் மரபினரின் அரசு ஆவணங்களைக் கொண்டு 14ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற ‘சோங் ஷி’ என்னும் வரலாற்று நூல், சோழநாட்டுத் தூதரைப் பற்றியும் குறிப்புகள் தருகின்றது. அவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தூதின்பொருட்டுப் பிரிதலைத் தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்தார். வள்ளுவர் தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும், முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் ஆகியோர்தம் மெய்க்கீர்த்திகள் சீனத்துக்குச் சென்ற தூதினைக் குறிக்கவில்லை. வென்ற நாடுகளை அடுக்கிக் கூறுவது மெய்க்கீர்த்தியின் இயல்பு. வெற்றியோடு தொடர்பிலாத தூது அதில் இடம்பெறாமை வியப்பன்று. ஆதலின், நம் கல்வெட்டிற் காணாத செய்தியை அயலார் ஏட்டில் நாம் தேட வேண்டியுள்ளது.

முதற்குறிப்பு 1015ஆம் ஆண்டினது. ‘லோசாலோசா’ என்னும் அரசன் விடுத்த தூதர் சீனப் பேரரசர் சென்சோங்கின் அவையை அடைந்தனர் என்று அந்நூல் கூறும். அப்பெயர் இராசராசனையே குறிக்கும் என்பது அறிஞர் துணிபு. தூதர்தலைவர் ‘சோலி சான்வென்’ எனக் குறிக்கப்படுகிறார். துணைத்தூதர், நடுவர், காவலர் எனப் பலர் உடன்வர, குழுவினர் 52 பேர் ஆவர். 21,100 லியாங் எடையுள்ள முத்தும் 60 யானைத் தந்தமும் அவர்கள் கொணர்ந்தவற்றுட் சில. கடலில் 77 நாள், 61 நாள், 71 நாள், 18 நாள், 20 நாள் எனப் பகுதி பகுதியாக அவர்கள் சென்ற வழியையும் அந்நூல் எண்ணிக் காட்டுகிறது. கூட்டினால் 247 நாளே வரும். ஆயின், தம் நாட்டை விட்டு நீங்கி 1150 நாள் கழித்தே குவாங்சௌத் துறையை அடைந்தனர் என்றும் அந்நூலே கூறுகிறது. எஞ்சிய தொள்ளாயிரத்துச் சொச்சம் நாள்கள் பருவக்காற்றை நோக்கி இடைத்துறைகளில் காத்திருந்த காலமாதல் வேண்டும்.

இக்கணக்கே நம் ஆய்வின் உயிர்நாடி. 1150 நாள் என்பது மூன்றாண்டுக்கு மேற்பட்டது. எனவே தூதர் 1012ஆம் ஆண்டை ஒட்டிப் புறப்பட்டிருத்தல் வேண்டும். அன்று இராசராசன் வாழ்ந்திருந்தான். 1014இல் அவன் மறைந்தான். 1015இல் சான்வென் சீன அவையில் நீட்டிய ஓலை, மறைந்த மன்னனின் ஓலையாயிற்று. அதனினும் உருக்கமானது மீட்சிச் செய்தி. மறு ஆண்டு தூதர் திரும்புகையில், சீனப் பேரரசர் மிகுந்த பரிசிலோடு மறுமொழி ஓலையையும் அளித்தார். அது இராசராசன் பெயருக்கே எழுதப்பட்டது. அரசன் மாறின் தூதர்தம் சான்றோலையைப் புதுப்பிக்கும் இக்கால மரபு எத்தகைய இடர்ப்பாட்டை நீக்க எழுந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அடுத்து 1020இல் வந்த தூதர் தலைநகரை எய்தவில்லை. குவாங்சௌவில் நோயுற்று இறந்தார். அவ்வூர் அதிகாரிகள் அவர் கொணர்ந்த ஓலையை அரசருக்கு அனுப்பினர். உடன்வந்தாரை விருந்தோம்பிப் பரிசிலோடு திருப்பி அனுப்புமாறு ஆணை பிறந்தது. 1033இல் இராசேந்திரன் சார்பில் வந்த ‘பூயாதோலி’, முன்னரும் பன்முறை வர முயன்றதாகவும், கடற்காற்றால் கலம் உடைந்து வந்து சேர இயலாது போனதாகவும் கூறினார். வெள்ளித் தட்டில் முத்தேந்திச் சென்று, மண்டியிட்டு, அரியணையின் அடியில் தூவி வணங்கினார். 1034இல் சீனப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

இக்குறிப்புகளைக் கையாளுங்கால் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். முதலாவது, பெயர் பற்றியது. சீனர் செவியில் விழுந்த ஒலி, சீன எழுத்தில் அமைந்து, மீண்டும் நம்மிடம் வருகிறது. ‘சான்வென்’ என்பதில் சாமந்தன் என்னும் சொல்லைக் காண இடமுண்டு. ‘பூ’ எனத் தொடங்கும் பெயரை அரபு வணிகர் பெயராகக் கொள்வாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றே முடிவுக்குப் போதாது. இரண்டாவது, ‘திறை’ என்னும் சொல் பற்றியது. அயல்நாட்டார் கொணர்ந்த பொருளைத் திறை என எழுதுவது சீனர் மரபு. அதுகொண்டு சோழரைச் சீனர்க்கு அடங்கியவர் எனல் பொருந்தாது. 1077ஆம் ஆண்டுத் தூதிற்கு ஈடாக 81,800 கோவை செப்புக்காசும் 52,000 லியாங் வெள்ளியும் வழங்கப்பட்டமை, திறை என்னும் பெயருள் வணிகமே நிகழ்ந்தது என்பதைக் காட்டும்.

வேந்தர்தம் பெயரை நம் கல் காத்தது. அவர் ஏவலாற் கடல்கடந்தாரின் பெயரைச் சிதைந்த வடிவிலேனும் அயலார் ஏடு காத்தது. அச்சிதைவிலிருந்து மெய்ப்பெயரை மீட்பதற்கு, இடைக்காலச் சீன ஒலியியலும் சோழர் கல்வெட்டுப் பெயர்வழக்கும் ஒருங்கு கற்றார் வேண்டும். இளம் ஆய்வாளர் இத்துறையில் புகுவராயின், வழியிடை மாய்ந்த அத்தூதனும் தன் பெயரோடு தாயகம் மீள்வான்.