சீவரமும் காந்தாவும்: ஸ்டெல்லா கிராம்ரிஷின் ஒரு கருத்துக்கு மறுப்பு

வங்காளத்துக் காந்தாவைப் பற்றி யார் எழுதப் புகுந்தாலும் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939இல் இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரையைத் தொடாமல் போக முடிவதில்லை. பழம்புடவைகளை அடுக்கித் தைத்த போர்வை ஒன்றைக் கலை வரலாற்றின் பொருளாக்கியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அவர் சேகரித்த காந்தாக்கள் பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2009இல் அங்கே அவற்றையும் சேர்த்து ஒரு காந்தாக் கண்காட்சி நடந்தது. அந்தக் கடன் நமக்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்குள் போக வேண்டும்.

கிராம்ரிஷின் வாசிப்பைச் சுருக்கினால் இதுதான்: கிழிந்த துணி மீண்டும் முழுமையாகிறது, சிதைந்தது ஒன்று சேர்கிறது, அதனால் காந்தா தன் இயல்பிலேயே சடங்குத் தன்மை உடையது. புத்தரும் பின்வந்த துறவியரும் உடுத்திய ஒட்டுத்துணி ஆடையான சீவரத்தோடு அதை அவர் ஒப்பிடுகிறார். இந்திய நாட்டுப்புறச் சடங்குக் கலை குறித்த 1968ஆம் ஆண்டு நூலிலும், மரங்களில் கந்தல் கட்டி வழிபடப்படும் தாய்த்தெய்வத்தை இதே இழையில் கோக்கிறார். அழகான வாசிப்பு. அந்த அழகினாலேயே எழுபது எண்பது ஆண்டுகளாக யாரும் அதை உரசிப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. கண்காட்சிக் குறிப்புகளிலும் கடைகளின் விலைச்சீட்டுகளிலும்கூட அதன் எதிரொலி கேட்கிறது.

என் முதல் மறுப்பு ஊசி, நூல் பற்றியது. சீவரம் ஒட்டுத்துணி; காந்தா அடுக்குத்துணி. சீவரத்தில் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இணைகின்றன. இணைப்புக் கோடு வெளியே தெரிய வேண்டும், அதுதான் அதன் அடையாளம். காந்தாவில் நைந்த புடவைகளும் வேட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பப்படுகின்றன. தரையில் விரித்து, கையால் சுருக்கம் நீவி, ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் நீள நீளமாகக் கச்சாத் தையல் போட்டு அடுக்குகளை நிறுத்துகிறார்கள். பிறகு புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், ஊசி உள்ளும் வெளியும் ஓடும் எளிய தையலில் நடுத் தாமரையும் மூலைக் கொடிகளும் எழும்புகின்றன. மிஞ்சிய வெள்ளைப் பரப்பையும் அதே தையல் நிரப்பும்போது துணி மெல்லிய அலைபோலச் சுருங்குகிறது. அகலம் போதாதபோது துணிகளை இணைப்பது உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்த இணைப்பை மறைப்பதில்தான் தைப்பவளின் திறமை இருக்கிறது. துண்டுகள் கூடி முழுமையாவதைக் காந்தா காட்டிக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரிவது ஒரே வெண்பரப்பு. கிராம்ரிஷ் உருவகத்தைப் பார்த்தார், தையலைப் பார்க்கவில்லை.

இரண்டாவது மறுப்பு சீவரத்தைப் பற்றியது. சீவரம் கந்தலிலிருந்து பிறந்தது என்பது பாதி உண்மை. தொடக்ககாலப் பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் பொறுக்கிய துணியை உடுத்தினர். மருத்துவர் ஜீவகன் வேண்டிக்கொண்ட பிறகு இல்லறத்தார் தரும் புதுத்துணியை ஏற்கவும் அனுமதி கிடைத்தது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கம் இதை எட்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே சொல்கிறது. கிராம்ரிஷின் வாசிப்பு சரியாக இருந்தால், புதுத்துணி வந்ததும் ஒட்டுப் போடும் தேவை மறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. வெட்டாத முழுச் சீவரத்தோடு திரிந்த பிக்குகளை, சுகம் அனுபவிக்கும் குடும்பத்தார்போல் இருக்கிறார்களே என்று ஊர் ஏசுகிறது. அடுத்து வரும் நிகழ்ச்சியில் நல்ல துணியை வேண்டுமென்றே வெட்டித் துண்டாக்கித் தைக்கும் முறை பிறக்கிறது. இங்கே சிதைந்தது முழுமையாகவில்லை. முழுமையாக இருந்ததைத்தான் வெட்டுகிறார்கள்.

அந்த நிகழ்ச்சியில் சற்று நின்று பார்க்க வேண்டும். ராஜகிருகத்திலிருந்து தக்கிணகிரி நோக்கிப் போகும் வழியில் புத்தர் மகதத்து வயல்களைப் பார்க்கிறார். வயலின் அமைப்பைப் பாலி மூலம் நான்கு அடைமொழிகளால் சொல்கிறது. அவற்றில் முதலாவதற்குப் பதிப்புக்குப் பதிப்பு பாடவேறுபாடு இருக்கிறது: ஓல்டன்பெர்க் பதிப்பில் சகரம் வல்லொலியாக நிற்க, பர்மியப் பதிப்பில் மூச்சொலியோடு வருகிறது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் நமக்கு இந்தச் சண்டை இல்லை. பொருளை நிறுத்துவது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த சமந்தபாசாதிகை உரை. முதலாவது சதுரப் பாத்திகளாக அமைந்தது. இரண்டாவது நெடுக்கிலும் குறுக்கிலும் நீண்ட வரப்பு கொண்டது. மூன்றாவது இடையிடையே குட்டை வரப்பு போட்டது. நான்காவது வரப்பை வரப்பு வெட்டிச் செல்லும் சந்தி.  நெல்வயல் கண்டவருக்கு நான்கும் நான்கு வேறு பொருள்கள். பெருவரப்பில் வண்டி போகும், குட்டை வரப்பில் ஆள் கால் வைத்து நடப்பான், சந்தியில் மடை திறப்பார்கள். இந்த வேறுபாடு தையலிலும் அப்படியே வருகிறது. ஆடையைச் சுற்றிவரும் கரை, நீண்ட குறுக்குப் பட்டை, அரைப் பட்டை, பெருங்கட்டம், அரைக்கட்டம், கழுத்துப் பகுதி, கெண்டைக்கால் பகுதி என ஒவ்வோர் உறுப்பும் அமையச் சீடர் ஆனந்தர் சீவரத்தைத் தைத்துக் காட்டுகிறார். நான் சுருக்கமாகச் சொன்னதை இவன் விரிவாகப் புரிந்துகொண்டான் என்று புத்தர் மெச்சுகிறார். கத்தி பட்டு மதிப்புக் குறைந்த துணி துறவிக்குத் தகும், பகைவர் அதை விரும்பமாட்டார்கள் என்பதே அவர் தரும் காரணம். முழுமை, மறுபிறப்பு என்ற பேச்சு அங்கே இல்லை. வயலைப் பார்த்து ஒரு மாதிரி, அதற்கு ஒரு தைத்த வடிவம், பிறகு பாராட்டு: ஒரு தையற்பாடம் நடந்து முடிந்திருக்கிறது.

அதே பிடகத்துச் சுல்லவக்கத்தின் ஐந்தாம் பகுதி இதைவிடத் தெளிவானது. பிக்குகள் கோழி இறகாலும் மூங்கில் சிம்பாலும் சீவரம் தைத்தார்கள், தையல் கோணலாக வந்தது, ஊசிக்கு அனுமதி. ஊசி துருப்பிடித்தது; மூங்கில் குழலில் போட்டு வைக்க அனுமதி. குழலிலும் துரு, மாவு நிரப்பிப் பார்த்தார்கள், அதுவும் போதாமல் கடைசியில் மெழுகில் போய் நின்றார்கள். துணியை நிறுத்தத் தரையில் முளையடித்துக் கட்டினார்கள், மூலை இழுத்துக்கொண்டது. சட்டமும் கயிறும் வந்தன. மேடுபள்ளமான தரையில் சட்டம் தேய்ந்தது. கீழே புல்பாய் விரித்தார்கள். விரலில் ஊசி குத்தியது; விரலுறை வந்தது, நம் தையற்காரர்கள் அங்குஸ்தான் என்பது. கோடு நேராக வராதபோது அடையாள நூல் இட்டுக்கொள்ளச் சொல்கிறது மூலம். தச்சர் மரத்தில் கருநூல் போடுவதுபோல் மஞ்சள் நூலால் குறி வைப்பது என்று உரை அதை விளக்குகிறது. மழைகாலம் முடிந்ததும் தரும் கடினச் சீவரத்துக்கு இன்னொரு கெடுவும் உண்டு: வெட்டி, தைத்து, அன்றைக்கே முடித்தாக வேண்டும். இலங்கை விகாரைகளில் கடினப் பூசை இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இந்தப் பகுதிகள் இன்றைய வடிவத்தை எந்த நூற்றாண்டில் பெற்றன என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமை இல்லை. அதனால் ஆண்டுக் கணக்கில் எதையும் இங்கே நிறுத்த நான் முயலவில்லை. எந்தக் காலமானாலும், ஒவ்வொரு விதியும் ஒரு தையல் தவறிலிருந்து பிறக்கிறது என்பது மாறாது. தத்துவம் பின்னால்தான் வந்தது.

சீவரத்துக்கும் வங்காள வீட்டுக் காந்தாவுக்கும் இடையே ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இன்று எஞ்சியுள்ள வீட்டுக் காந்தாக்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு, அதற்குப் பிந்தியவை. நடுவே, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியருக்காக மஞ்சள் டசர் பட்டால் வங்காளத்தில் தைத்த போர்வைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; ஜான் இர்வின் அவற்றைச் சாத்காவ் துறையோடு இணைத்தார். அவை விலைக்குத் தைத்தவை, வீட்டுக் காந்தாவின் நேர்முன்னோர் என்று சொல்லத் துணியமாட்டேன். தரையில் துணியை இறுக்கிப் பிடிக்கும் சிக்கல் மகதப் பிக்குவுக்கும் வங்காளத்துக் குல்னாப் பெண்ணுக்கும் ஒன்றே என்பதால் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்றும் சொல்லமாட்டேன். ஒரே சிக்கல் எங்கும் ஒரே வழியைத்தான் காட்டும்.

ஆனால் ஒரு நூல் இந்த இடைவெளியில் வெளிச்சம் போடுகிறது: வைணவத் துறவி சைதன்யரின் வரலாறான, கிருஷ்ணதாச கவிராயரின் சைதன்ய சரிதாமிருதம். அது முடிந்த ஆண்டு 16ஆம் நூற்றாண்டின் இறுதியா, 17இன் தொடக்கமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என் வாதத்துக்கு இரண்டில் எதுவானாலும் போதும். அதன் மத்திய லீலையில் சைதன்யரின் சீடர் சனாதனர் காசிக்கு வருகிறார். உடலில் மைத்துனர் கொடுத்த விலையுயர்ந்த கம்பளம். சைதன்யர் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். குறிப்பறிந்த சனாதனர் கங்கைக்குப் போகிறார். அங்கே ஒருவர் தம் காந்தாவைத் துவைத்து வெயிலில் உலர்த்தியிருக்கிறார். கம்பளத்தைத் தருகிறேன், காந்தாவைக் கொடு என்கிறார். பெரிய மனிதர் கேலி செய்கிறீரா என்று அவர் திகைக்கிறார். மாற்றம் நடக்கிறது, சைதன்யர் மகிழ்கிறார்.

அந்தக் காந்தாக்காரர் யார்? மூலம் அவரைக் கௌடர், அதாவது வங்காளத்தார், என்ற அளவில் நிறுத்துகிறது. துறவி என்ற பட்டம் தரவில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு சொற்சிக்கனத்தின் மேல்தான் நிற்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அவருடைய திகைப்பைப் பாருங்கள். காந்தா அவருக்குப் புனிதப் பொருளாக இருந்திருந்தால், கம்பளத்துக்கு மாற்றக் கேட்பது அவமதிப்பாகப் பட்டிருக்கும். அவருக்கு அது நட்டக் கணக்காகவே தெரிகிறது, நட்டம் சனாதனருக்கு. ஆக, ஏழையின் அன்றாடப் போர்வையாகக் காந்தா ஏற்கெனவே வழக்கில் இருந்திருக்கிறது. அதைத் துறவி எடுத்துப் போர்த்தினான், அதன் பிறகே அதற்குப் புனிதம் வந்தது. கிராம்ரிஷ் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துவிட்டார்.

அதே நூலின் அந்திய லீலையில் பதின்மூன்றாம் பகுதியும் இதற்குத் துணை நிற்கும். சைதன்யரின் அன்பர் ஜகதானந்தர் நல்ல துணி வாங்கி, காவியேற்றி, இலவம்பஞ்சு அடைத்து மெத்தையும் தலையணையும் செய்கிறார், சைதன்யர் கோபிக்கிறார். இன்னோர் அன்பர் சொரூப தாமோதரர் காய்ந்த வாழைச்சருகை நகத்தால் மெல்லிய நாராகக் கிழித்து, சைதன்யரின் பழைய மேலாடைகளுக்குள் திணித்துத் தருகிறார், அது ஏற்கப்படுகிறது. யார் கை, எந்தத் துணி என்பதே இங்கே கேள்வி. துண்டுகள் ஒன்றாவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வீட்டுக் காந்தாவின் குரலை நேரே கேட்க வேண்டுமானால் கொல்கத்தா அருகே ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே மானதாசுந்தரி தாசி என்பவர் தைத்த 19ஆம் நூற்றாண்டுக் காந்தா இருக்கிறது. வெள்ளைக்கார ஆட்சிக் காலத்துச் சிப்பாய்களும் தாமரைகளும் ஒரே பரப்பில் நிற்கும் அந்தப் போர்வையில் அவரே எழுத்துகளைத் தைத்திருக்கிறார்: தந்தைக்காக மகள் தன் கையால் செய்தது. எழுத்தைத் தையலில் கொண்டுவருவது சிறிய வேலை அல்ல. வளைவுக்கு வளைவு ஊசியை ஒடுக்க வேண்டும், ஓரிழை தப்பினால் எழுத்து வேறாகிவிடும். பெண்கல்வி அரிதாக இருந்த காலத்தில் எழுத்தறிவையும் ஊசியறிவையும் ஒரே துணியில் வைத்துத் தகப்பனிடம் காட்டுகிறாள் மகள். காந்தா வீட்டாருக்கு அன்பளிப்பாகவே தைக்கப்பட்டது, சந்தைக்கு அல்ல என்று கிராம்ரிஷ் எழுதியது இங்கே முழுக்கப் பொருந்துகிறது. இதில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை. அந்தப் பெயர் பொறிப்பில் இருக்கும் பெருமிதத்தைச் சடங்குக்குள் அடக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

தமிழ்ப் பக்கம் வந்தால் சான்று மிகக் குறைவு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனின் வியர்வையூறிய, வேற்று நூலோடிய, தைத்துத் தைத்து உடுத்த கந்தலைக் களைந்து மெல்லிய பூவேலை ஆடை தருகிறான். சிலம்பின் புகாரில் துணி தைப்போரும் தோல் தைப்போரும் தனித்தொழிலராக வருகிறார்கள். இரண்டிலும் ஒட்டுத்தையலுக்குப் புனிதம் இல்லை. ஒன்றில் வறுமை, மற்றதில் பிழைப்பு. பௌத்தம் தெற்கே இல்லாமலும் இல்லை. போதிசத்துவர் அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்கிறது வீரசோழியம். யுவான் சுவாங் அவலோகிதரின் இருப்பிடமாகக் குறிக்கும் பொதலக மலை பொதியிலே என்று ஷு ஹிகோசாகா வாதிட்டிருக்கிறார். அவர் கருத்தை ஏற்றால், இன்று திருவனந்தபுரம் மாவட்டத்துப் போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் ஏறும் பாதை போதிசத்துவரின் மலைக்கே போகிறது. ஆனால் அந்த மலையைக் காட்டிச் சீவரத்தையும் நம் வீட்டுக் கந்தல் விரிப்பையும் முடிச்சுப் போடுவது கிராம்ரிஷ் செய்த வேலையையே நான் திரும்பச் செய்வதாகும்.

செய்யத் தக்க வேலை வேறு. பழைய நூல்புடவையை நாலாக மடித்து, ஓரம் தைத்துப் பிள்ளைக்கு விரிக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. அதை எப்படித் தைக்கிறோம் என்று எழுதி வைத்தவர் அரிது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டம் முடங்கிக் கிடக்கிறது, தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த லயங்கள் காலியாகிக்கொண்டிருக்கின்றன. அங்கே, அல்லது அதுபோன்ற மலைத்தோட்டங்களில், வாழ்ந்தவர் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள்: உங்கள் வீட்டில் அடுக்கித் தைத்த துணி ஏதேனும் இருந்தால் எத்தனை அடுக்கு, எந்த நூல், தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யாரிடம் கற்றது என்று தைத்தவரிடமே கேட்டு எழுதி, ஒரு படமும் எடுத்து வையுங்கள்.