கயிற்றுக்கு அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார்?

பதிவு கொஞ்சம் நீளம். பிளேன் டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன பெரிய மெட்சில் நம் மைதானத்தில் நடந்த இழுபறி எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் வெள்ளிக்கிழமை. மாணவர் கூடாரத்தில் காலை ஏழு மணிக்கே வந்து இடம் பிடித்த பிள்ளைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் ஜும்ஆவுக்குப் போனார்கள். கூட இருந்த தமிழ்ப் பிள்ளைகள் புத்தகப் பையையும் கழுத்துப் பட்டியையும் வைத்து அவர்களின் இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். தொழுகை முடித்து வந்து பார்த்தால் அந்த வரிசையில் டிக்கட் வாங்கிய பெரியவர்கள். பைகள் புல்லில் கிடந்தன. "நாங்கள் காசு கொடுத்தவர்கள்" என்றார்கள். "இது மாணவர் இடம்" என்றார்கள் பிள்ளைகள். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது இரண்டு தரப்பும் இன்னும் முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தோம். இந்தச் சண்டை நாம் கண்டுபிடித்த சண்டை அல்ல.

இலங்கையில் பெரிய மெட்ச் என்றாலே முதலில் வருவது ரோயல் – தோமியன். 1879 இல் கொழும்பு அகடமியும் சென். தோமஸும் காலிமுகத்திடலில் மோதின. அந்த ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடினார்கள். மாணவர்கள் மட்டும் ஆடியது 1880 இலிருந்து. அகடமிக்கு ரோயல் கல்லூரி என்ற பெயர் வந்தது 1881 இல். ரோயல் பிள்ளைகள் பேரை வாவியில் ஓடம் வலித்து ஆட்டத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். அன்று கூடாரமும் இல்லை, டிக்கட்டும் இல்லை. முந்தி வந்தவன் முன்னால் நின்றான்.

1885 இல் ரோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்டது. ஒருவர் எடுத்தது அல்ல, முழு அணியும் எடுத்தது! இரண்டாம் நாள் அவர்கள் ஆட வரவில்லை. தோமியர்கள் அதை வெற்றி என்கிறார்கள், ரோயல்காரர்கள் சமநிலை என்கிறார்கள். நூற்று நாற்பது வருடமாகியும் தீரவில்லை. பெரிய மெட்ச் சண்டைக்கு எவ்வளவு ஆயுள் என்று இதிலேயே தெரிகிறது.

பிறகு கூட்டம் பெருத்தது, கூடாரங்கள் வந்தன. இன்று எஸ்.எஸ்.சி. மைதானத்தில் முஸ்டாங்ஸ், கோல்ட்ஸ், ஸ்டாலியன்ஸ், ஸ்டேபிள்ஸ் என்று பழைய மாணவர்களுக்குத் தனித்தனிக் கூடாரம். படிக்கிற பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரம். எந்தக் கூடாரத்தில் நீங்கள் என்று சொன்னாலே உங்கள் வயதையும் வசதியையும் ஓரளவு ஊகித்துவிடலாம். மாணவர் கூடாரத்தில் பழைய மாணவர் நுழைவதும், அங்கிருந்து துரத்தப்படுவதும் அங்கேயும் வருடாவருடம் கேட்கிற கதைதான்.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே கிரிக்கட் பாடசாலையோடு வரவில்லை, துரைமாரோடு வந்தது. தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கட் கழகம், ரதல்லையில் திம்புள்ளைக் கழகம். மைதானத்தை வெட்டிச் சமன் செய்தது யார் கை என்று நாம் சொல்லத் தேவையில்லை. பவிலியனில் துரையும் துரைசானியும் இருந்தார்கள். லயத்து ஆட்கள் தேயிலைச் சரிவில் நின்று பார்த்தார்கள், அதுவும் வேலை இல்லாத நாளில். நுவரெலியாவில் ஹில் கிளப் தொடங்கியது 1876. உள்நாட்டவரை அங்கத்தவராகச் சேர்த்தது 1960களின் பிற்பகுதியில்தான், அதாவது சுதந்திரம் கிடைத்து ஏறக்குறைய இருபது வருடம் கழித்து. ஏப்ரல் சீசன் குதிரைப் பந்தயத்திலும் அப்படித்தான். ஒரே குதிரை, ஒரே ஓட்டம். ஆனால் அரங்கில் அமர்ந்து பார்க்கிறவர் வேறு, வேலியில் சாய்ந்து நின்று பார்க்கிறவர் வேறு.

இதில் நம்மவரும் சும்மா இருக்கவில்லை. கொழும்பில் வெள்ளைக்காரன் உள்ளே விடவில்லை என்று சொல்லி இனத்துக்கு ஒரு கழகம் கட்டிக்கொண்டோம். 1899 இல் சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., அதே வருடம் தமிழருக்குத் தமிழ் யூனியன். மலாயருக்கு அதற்கும் முந்தியே கழகம் இருந்தது. முஸ்லிம்களுக்கு மூவர்ஸ், பறங்கியருக்கு வேறொன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பவிலியன், ஒவ்வொரு பவிலியனுக்கும் ஒரு வாசல்.

இந்த இருக்கைப் பிரச்சினை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பம்பாய்தான் உதாரணம். அங்கே ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று மத வாரியாக அணிகள் மோதுகிற போட்டி ஒன்று இருந்தது. 1937 இல் ஐந்தாவதாக 'மற்றவர்கள்' அணி சேர்ந்தது. போட்டி புதிய பிரபோர்ன் மைதானத்துக்கு மாறியதும் அதே வருடம்தான். இந்துக்கள் அந்த வருடம் விளையாடவே வரவில்லை. காரணம் மதக் கலவரமோ நடுவரின் தீர்ப்போ அல்ல. மைதானத்துக்குச் சொந்தக்கார கழகம் தங்களுக்கு ஒதுக்கிய இருக்கைகள் போதாது என்ற கோபம். கிண்ணம் முஸ்லிம் அணிக்குப் போனது. இந்துக்கள் இல்லாமல் கிடைத்த வெற்றியில் என்ன ருசி இருந்திருக்கும்? அடுத்த வருடம் அவர்கள் திரும்பி வந்தபோதும் முஸ்லிம் அணிதான் வென்றது. அந்த வெற்றிதான் வெற்றி என்று எங்களுக்குத் தோன்றும்.

அதோடு முடியவில்லை. 1970களில் அதே பிரபோர்ன் மைதானத்துக் கழகத்துக்கும் பம்பாய் கிரிக்கட் சங்கத்துக்கும் இடையில் மீண்டும் இருக்கைத் தகராறு. ஒரு பக்கம் விஜய் மேர்ச்சண்ட், மறுபக்கம் அரசியல்வாதி வான்கடே. கேட்ட இடம் கிடைக்காத கோபத்தில் வான்கடே ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் இன்னொரு மைதானமே கட்டிவிட்டார். 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட். 2011 உலகக் கிண்ண இறுதியில் நாம் கண் கலங்கியது அந்த மைதானத்தில்தான். நாற்காலிச் சண்டையில் பிறந்த மைதானம் அது.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்கள் ஆடும் பேஸ்போலிலும் இதே கதை. மாணவருக்கென ஒரு பகுதி, பொதுமக்களுக்கு முந்தி வந்தால் முந்தி என்று ஒரு பகுதி. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் வேலிக்கு வெளியே லொறியை நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்து, இறைச்சி சுட்டுக்கொண்டே ஆட்டம் பார்க்கிற பழக்கம் 1960களிலேயே தொடங்கியது. நம் காலிக் கோட்டை மதில் மாதிரி. மதிலில் நின்று பார்க்கிறவனை யாரும் எழுப்ப முடியாது. முரளி தன் 800ஆவது விக்கட்டை 2010 இல் எடுத்ததை எத்தனையோ பேர் அந்த மதிலில் இருந்துதான் பார்த்தார்கள். முரளியின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். 2007 டிசம்பரில் முரளி உலக சாதனை படைத்த அஸ்கிரிய மைதானம், அவர் படித்த கண்டி சென். அந்தோனியாரின் பெரிய மெட்ச் எதிரியான திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தம். அன்று யாரும் 'எங்கள் மைதானம், உங்கள் பையன்' என்று கணக்குப் பார்க்கவில்லை.

சரி, நம் விஷயம். பழைய மாணவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. துடுப்பும் பந்தும் பப்பரை பாண்டுக்குக் காசும் அவர்கள் வாங்கும் டிக்கட்டில் இருந்துதான் வருகின்றன. கொழும்பில் கடையை மூடிவிட்டு, இரவு பஸ் ஏறி வருகிறவருக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் 'பழைய மாணவர்' என்ற சொல்லையே ஒரு முறை திருப்பிப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது 1970களில். அதற்கு முன் படித்தவர்களில் பலருக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. இன்று நம் அணியில் பந்து வீசுகிற பிள்ளையின் தாத்தாவுக்கு பெரிய மெட்ச் ஆடிய பாடசாலை எதுவும் இல்லை. அவருக்கு எந்தக் கூடாரத்தில் டிக்கட் கொடுப்பது? அந்தப் பிள்ளையின் அம்மா சனிக்கிழமை அரைப்பேரோடு மலையிறங்கி வந்து, கயிற்றுக்கு வெளியே மண்மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் விக்கட் எடுத்தபோது அவருக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது.

பிள்ளைகளிடமும் பிழை இருக்கிறது. நான்கு பேர் வந்து இருபது இடத்துக்குப் பை வைப்பது இடம் பிடிப்பது அல்ல, இடம் அடைப்பது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் காலியாகக் கிடக்கிற நாற்காலியை, கால் நோக நிற்கிற ஒரு பெரியவருக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் தொழப் போன பிள்ளையின் இடம் காலி இடம் அல்ல. எழுந்து போனவர் திரும்பி வந்தால் அந்த இடத்துக்கு அவரே உரியவர், உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு நாம் உட்காரக் கூடாது என்று நபிகளார் (ஸல்) சொல்லித் தந்ததை நாம் பள்ளிவாசலில் கேட்டுத்தான் வளர்ந்தோம். அந்த வரிசையில் உட்கார்ந்த பெரியவர்களில் நம்மவரும் இருந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. பையைக் காவல் காத்த அந்தத் தமிழ்ப் பிள்ளைகளிடம் இதுவரை யாரும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளை காலைக் கூட்டத்தில் நாங்கள் சொல்லப் போகிறோம்.

வருகிற ஞாயிறு பாடசாலை மண்டபத்தில் மெட்ச் குழு கூடுகிறது. நாங்கள் மூன்று விஷயம் கேட்க இருக்கிறோம். மாணவர் கூடாரத்துக்கு டிக்கட் விற்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்துக்கு ஆட்ட இடைவேளையைச் சரி செய்ய வேண்டும். மூன்றாவது, விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோருக்குக் கயிற்றுக்கு உள்ளே முன்வரிசையில் இரண்டு வாங்கு, இலவசமாக. அணிக்குப் பதினைந்து பிள்ளைகள் என்று வைத்தாலும் முப்பது பேர்தான். வாங்குகளைத் தூக்கி வர நாங்களும் உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறோம். டிக்கட் கணக்குத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள், அந்த இரண்டு வாங்கால் எவ்வளவு காசு குறையும் என்று அங்கேயே எழுதிப் பார்த்துவிடலாம்.