சுசூகாவில் நின்ற குரல்: மோட்டார் பந்தய வருணனையும் அதன் பார்வையாளரும்

மோட்டார் பந்தயத் தொலைக்காட்சி வருணனையை ஆராய்ந்தோர் சிலர், மரி வாக்கரின் ஆவேசக் குரல் எப்போதேனும் பந்தயம் பார்க்கும் சாமானியருக்கும், 1980 முதல் 1993 வரை பி.பி.சி.யில் அவருடன் அமர்ந்த முன்னாள் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் ஜேம்ஸ் ஹண்டின் விளக்கம் தேர்ந்த ரசிகருக்கும் உரியவை எனப் பங்கு பிரித்து, அதற்குத் தலையாய சான்றாக, 1996 அக்டோபர் 13 அன்று ஜப்பானின் சுசூகாவில் ஓட்டுநர் டேமன் ஹில் வென்று கோட்டைக் கடக்கையில், தொண்டை அடைக்கிறது, நிறுத்தியாக வேண்டும் என்று சொல்லி வாக்கர் மௌனமான தருணத்தைக் காட்டுவர். விஷயம் அறியாதாரையும் உருக்கியமையால் அது அவர்களுக்கென்றே பேசப்பட்டது என்பது அவர்கள் துணிபு. அச்சான்றே அதற்கு மாறாகச் சாட்சி சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் காலக்கிரமத்தைப் பார்க்க வேண்டும். ஹில் ஒன்பது புள்ளிகள் முந்திய நிலையில் சுசூகாவுக்கு வந்தார். பட்டத்துக்கு ஒரு புள்ளியே போதுமாயிருந்தது. 52 சுற்றுகளில் 37ஆம் சுற்றிலேயே போட்டியாளர் வில்நவ்வின் பின்சக்கரம் கழன்று போக, பட்டம் யாருக்கு என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. ஆகவே கட்டம் போட்ட கொடி அசைந்தபோது சாமானியருக்குச் சொல்லத்தக்க செய்தி எதுவும் மீந்திருக்கவில்லை. மீந்திருந்தவை வேறு: 1962, 1968 ஆகிய ஆண்டுகளில் சாம்பியனான தந்தை கிரகாம் ஹில், மகனுக்குப் பதினைந்து வயதாயிருக்கையில், 1975 நவம்பரில் தாமே ஓட்டிய விமானம் விழுந்து மாண்டது, 1994இல் அடிலெய்டில் பட்டப் போட்டியாளர் ஷூமாக்கருடன் நேர்ந்த மோதலுக்குப்பின் ஒரே புள்ளியில் பட்டம் கைநழுவியது, சுசூகாவை அடுத்த ஆண்டில் ஹில்லுக்கு வில்லியம்ஸ் அணியில் இடமில்லை என்பது முன்பே வெளியாகியிருந்தது. வாக்கரின் அவ்வாக்கியத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. இவற்றை அறிந்தவரை நோக்கியே அம்மௌனம் அமைந்தது. அறியாதவரோ, தாம் அறியாத ஒன்றின் கனத்தை அறிந்தவரின் குரலிலிருந்து உணர்ந்துகொண்டார்.

ஒரு கணத்தைக் கொண்டு ஒருவருடைய அரை நூற்றாண்டுத் தொழிலை அளந்துவிடலாகாது என்பதையும், வாக்கரின் உள்ளத்தே இருந்ததை நாம் ஊகிக்கவே முடியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும் அவரும் ஹண்டும் ஒரே ஒலிவாங்கியை மாறிமாறிப் பற்றிப் பேசினர் என்பது பிரசித்தம். இரு குரல்களும் ஒரே செவியைத்தான் அடைந்தன. வழிவிடாது முன்னே ஊர்ந்த ஓட்டுநரை ஹண்ட் தாட்சண்யமின்றிக் கடிந்ததை ரசித்தவர் தேர்ந்த ரசிகர் மட்டும்தானா?

சாமானியருக்கெனத் தனியே பேசாவிடில் புதியவர் வாரார், விளம்பர வருவாய் குன்றும் என்பது வியாபாரிகளின் கவலை. வருணனையின் இலக்கணத்தை அது தீர்மானிக்காது. 2023இல் ஹங்கேரிப் பந்தயம் முதலாக பிரிட்டனில் ஸ்கை நிறுவனம் சிறுவர்க்கென வழங்கிய தனி ஒளிபரப்பும் வரவேற்கத்தக்கதே. அதனால் பொது வருணனை தன் அறிவைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. புது டயரின் பயனைப் பாடம்போல் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒப்பிப்பதைக் காட்டிலும், முன்னே சென்றவருக்கு ஒரு சுற்று முந்தி டயர் மாற்றும் ‘பிட்’டுக்குள் நுழைந்தவர், எதிராளி டயர் மாற்றி வெளிவரும் அந்த நொடியில் எவ்வாறு அவரைக் கடந்து போகிறார் என்பதை, அவ்விரு கார்களும் திரையில் நிற்கும்போதே ரசிகனுக்குச் சொல்வதுபோல் சொல்வது, அன்றுதான் முதன்முதல் பந்தயம் பார்க்க உட்கார்ந்தவருக்கும் அதிகம் விளங்கும்.